எடுத்த உறுதி எத்தனை நாள்?

டிசம்பர் 31-ம் தேதி நள்ளிரவு. கடிகார முள் பன்னிரண்டைத் தொடுகிறது. மாதா கோவில் மணி ஒலிக்கிறது. பிள்ளையார் கோவிலிலும் பெருமாள் கோவிலிலும் விடிவதற்கு முன்பே கூட்டம் சேர்ந்து விடுகிறது. மார்கழிப் பனியில் தெருவெல்லாம் கோலம். வாழ்த்துச் சொல்லாத வாய் இல்லை. இனிப்பு நீட்டாத கை இல்லை.

இவ்வளவு ஆரவாரத்துக்கு நடுவில் சத்தமில்லாமல் இன்னொரு காரியமும் நடக்கிறது. எத்தனையோ வீடுகளில் எத்தனையோ மனிதர்கள் மனத்துக்குள் ஓர் உறுதி எடுத்துக் கொள்கிறார்கள். "இனிமேல் சிகரெட்டைத் தொட மாட்டேன்" என்கிறார் ஒருவர். "விடியற்காலையில் எழுந்து படிப்பேன்" என்கிறான் மாணவன். "பிள்ளைகள் மேல் எரிந்து விழ மாட்டேன்" என்று தீர்மானிக்கிறாள் ஒரு தாய். "இனிக் குடிக்க மாட்டேன்" என்று மகளின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்கிறார் ஒரு தகப்பனார்.

புது டைரியின் முதல் பக்கத்தில் அந்த உறுதி முத்து முத்தான எழுத்தில் ஏறுகிறது. பொங்கல் வந்து போகிறது. பிறகு அதே டைரியைப் புரட்டினால் என்ன தெரிகிறது? முதல் பக்கத்தில் உறுதி. ஐந்தாம் பக்கம் வரையில் தினக் குறிப்பு. அதற்கு மேல் பால் கணக்கும் சலவைக் கணக்கும்!

இதைச் சொல்லிச் சிரிப்பது சுலபம். சிகரெட்டுக்கும் காலை நடைக்கும் அந்தச் சிரிப்பு பொருந்தலாம். ஆனால் மகளின் தலையில் கை வைத்த தகப்பனாரின் உறுதி முறிந்தால் அது சிரிப்புக்கு உரிய விஷயம் அல்ல. அந்த வீட்டில் மூன்று நஷ்டங்கள் நேருகின்றன. பணம் போகிறது. உடம்பு கெடுகிறது. மூன்றாவது நஷ்டம் இவற்றைவிடப் பெரியது: அப்பாவின் வார்த்தைக்கு மதிப்பு இல்லை என்று அந்தக் குழந்தை கற்றுக் கொள்கிறது. சில வருஷங்களில் தகப்பனாரும் தம்மைப் பற்றி அதையே நம்பத் தொடங்கி விடுகிறார்.

எனவே, புத்தாண்டு உறுதி எடுப்பது எப்படி, எடுத்ததை நிறைவேற்றுவது எப்படி என்பது வேடிக்கைப் பேச்சு அல்ல. குடும்பத்தின் நிம்மதி அதில் அடங்கியிருக்கிறது.

உறுதி எடுப்பது வீணா?

"எடுத்தால் முறியத்தான் போகிறது, எடுக்காமலே இருந்து விடலாமே!" என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி சாமர்த்தியமானது. ஆனால் சரியானது அல்ல.

அமெரிக்காவில் ஜான் நார்கிராஸ் என்ற மனோதத்துவ நிபுணரும் அவருடைய துணைவர்களும் இதை ஆராய்ந்தார்கள். ஏதாவது ஒரு பழக்கத்தை மாற்ற விரும்பியவர்களை இரு பிரிவாகப் பார்த்தார்கள். புத்தாண்டில் உறுதி எடுத்தவர்கள் ஒரு பிரிவு. விருப்பம் இருந்தும் உறுதி எடுக்காதவர்கள் இன்னொரு பிரிவு. ஆறு மாதம் கழித்து விசாரித்தபோது, உறுதி எடுத்தவர்களில் 100-க்கு 46 பேர் தங்கள் சொல்லைக் காப்பாற்றி வந்தார்கள். உறுதி எடுக்காதவர்களில் 100-க்கு 4 பேர்தான் மாறியிருந்தார்கள். 2002-ல் வெளியான கணக்கு இது. அவரவர் தம்மைப் பற்றித் தாமே சொன்ன கணக்குத்தான் என்றாலும், இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் சாமானியமானது அல்ல.

அதே நிபுணர் 1989-ல் வெளியிட்ட வேறோர் ஆராய்ச்சி மறுபக்கத்தைக் காட்டுகிறது. உறுதி எடுத்த 200 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், ஒரு வாரம் தாக்குப் பிடித்தவர்கள் 100-க்கு 77 பேர். இரண்டு வருஷம் நிலைத்து நின்றவர்கள் 19 பேர்.

ஆகவே, உறுதி எடுப்பது வீண் அல்ல. எடுத்த பிறகு வழியில் எங்கோ அது நழுவி விழுகிறது. எங்கே நழுவுகிறது?

வள்ளுவர் வைத்த வரிசை

திருக்குறளின் பொருட்பாலில் அடுத்தடுத்து மூன்று அதிகாரங்கள் இருக்கின்றன. 66-வது வினைத்தூய்மை, 67-வது வினைத்திட்பம், 68-வது வினைசெயல்வகை. அமைச்சருக்கு உரிய இலக்கணத்தைச் சொல்லும் பகுதியில் இவை இடம் பெற்றிருந்தாலும், குடும்பம் நடத்தும் எந்த மனிதருக்கும் இவை பொருந்தும்.

இந்த வரிசையை ஊன்றிக் கவனிக்க வேண்டும். முதலில், செய்யப் போகும் காரியம் நல்லதா என்ற கேள்வி. பிறகு மன உறுதி. அதன் பிறகு செய்யும் முறை. ஜனவரி முதல் தேதி உறுதி எடுக்கும் அநேகர் முதலாவதையும் மூன்றாவதையும் விட்டு விட்டு, நடுவில் இருக்கும் மனத் திட்பத்தை மட்டும் பிடித்துக் கொள்கிறார்கள். கரை இரண்டும் இல்லாத ஆற்றில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும்?

யாருடைய உறுதி?

பக்கத்து வீட்டுக்காரர் உடற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தார் என்பதற்காக ஒரு வருஷக் கட்டணத்தைக் கட்டி விட்டு, பிப்ரவரியில் அந்தப் பக்கமே போகாதவர்கள் உண்டு. நண்பர்கள் வாட்ஸ்அப்பில் எழுதினார்கள் என்பதற்காகத் தாமும் பத்துத் தீர்மானங்களை எழுதி அனுப்புகிறவர்கள் உண்டு. இவை இரவல் உறுதிகள். இரவல் நகை போல, விசேஷம் முடிந்ததும் திருப்பிக் கொடுக்கப்பட்டு விடும்!

உறுதி எடுக்கிறவர் முதலில் தம்மையே மூன்று கேள்வி கேட்டுக் கொள்ளட்டும். இது எதற்காக? இதனால் யாருக்கு நன்மை? யாரும் பார்க்காவிட்டாலும் இதைச் செய்ய விருப்பம் உண்டா? மூன்றுக்கும் பதில் கிடைத்தால்தான் அந்த உறுதிக்கு அர்த்தம் உண்டு.

காந்தியடிகளின் வாழ்க்கையில் இதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது. 1888-ல் அவர் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டனுக்குப் புறப்பட்டபோது வயது பதினெட்டு. மகன் கெட்டுப் போய்விடுவானோ என்று தாயார் புத்லிபாய் அஞ்சினார். பேசர்ஜி சுவாமி என்ற ஜைனத் துறவி முன்னிலையில் மூன்று சத்தியங்கள் செய்து கொடுத்த பிறகே தாயார் விடை கொடுத்தார். மது, மாமிசம், மாதர் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்பதே அந்தச் சத்தியம்.

லண்டனில் அந்த வாலிபர் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. மாமிசம் சாப்பிடாதவருக்கு என்ன சமைத்துப் போடுவது என்று தங்கியிருந்த வீட்டு அம்மாளுக்கே தெரியவில்லை. பல நாள் அரை வயிறுதான். சத்தியத்தை விட்டு விடும்படி நண்பர்கள் வாதாடினார்கள். அவர் அசையவில்லை. கடைசியில் பாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவு விடுதியைக் கண்டு பிடித்தார். அங்கே ஹென்றி சால்ட் என்பவர் எழுதிய புத்தகம் ஒன்று விற்பனைக்கு இருந்தது. வாங்கிப் படித்தார்.

அதற்குப் பின் நடந்ததுதான் முக்கியம். அதுவரையில் தாயாருக்குக் கொடுத்த வாக்குக்காகவே அவர் மாமிசத்தை விலக்கியிருந்தார். மாமிசம் உண்பது நல்லது என்ற எண்ணம்கூட அவருக்கு இருந்தது. அந்தப் புத்தகத்தைப் படித்த பிறகு சைவ உணவை அவர் தாமாகவே தேர்ந்து கொண்டார். இதைத் தம் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். பிறருக்காக எடுத்த உறுதி தம் சொந்த உறுதியாக மாறி விட்டது. அதனால்தான் தாயார் காலமான பிறகும் ஆயுள் முழுவதும் அது நிலைத்தது.

மனைவி வற்புறுத்தினாள், டாக்டர் மிரட்டினார் என்பதற்காக உறுதி எடுப்பதில் தவறு இல்லை. தொடக்கம் எப்படியும் இருக்கலாம். ஆனால் நடுவழியிலாவது அதைத் தமதாக்கிக் கொள்ள வேண்டும்.

இரண்டு மேதைகள்

மன உறுதி என்றதும், பல்லைக் கடித்துக் கொண்டு நிற்பது என்று பலர் நினைக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இரண்டு மேதைகளின் வரலாறு வேறு பாடம் சொல்கிறது.

ஒருவர் இங்கிலாந்தின் சாமுவேல் ஜான்சன். 1755-ல் வெளியான மாபெரும் ஆங்கில அகராதியைத் தொகுத்தவர். 40,000-க்கும் மேற்பட்ட சொற்களுக்குப் பொருள் எழுதிய அந்த உழைப்பாளிக்கு, காலையில் எழுவது மட்டும் கைவரவில்லை! புத்தாண்டிலும், ஈஸ்டர் பண்டிகையிலும், தம் பிறந்த நாளிலும், "இனி அதிகாலையில் எழுவேன், சோம்பலை விடுவேன்" என்று அவர் மீண்டும் மீண்டும் எழுதி வைத்தார். 1764-ல் வந்த பிறந்த நாளன்று, 55 வருஷமும் தீர்மானம் செய்வதிலேயே கழிந்து விட்டதே என்று மனம் நொந்து எழுதினார்.

மற்றவர் அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின். வாலிபத்தில் அவர் பதின்மூன்று நற்குணங்களைப் பட்டியல் போட்டார். சிறிய நோட்டுப் புத்தகம் ஒன்று தயாரித்தார். வாரத்துக்கு ஒரு குணம். அந்த வாரம் அதன் மேல்தான் முழுக் கவனம். தவறிய நாளில் அதற்கு உரிய கட்டத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. 13 வாரத்தில் ஒரு சுற்று முடியும். வருஷத்துக்கு நான்கு சுற்று. தோட்டக்காரன் எல்லாப் பாத்திகளிலும் ஒரே சமயத்தில் களை பிடுங்குவதில்லை. ஒரு பாத்தியை முடித்து அடுத்ததற்குப் போகிறான் என்று அதற்குக் காரணமும் சொன்னார்.

பிராங்க்ளின் பூரண வெற்றி பெற்றாரா? இல்லை. பொருளை அதனதன் இடத்தில் வைக்கும் ஒழுங்கு மட்டும் கடைசி வரையில் அவருக்கு வரவே இல்லை. தம்மிடம் இத்தனை குறைகளா என்று நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துத் திகைத்தார். ஆனால் புள்ளிகள் குறைந்து வருவதையும் கண்டார். முதுமையில் சுயசரிதை எழுதும்போது, நினைத்த உயரத்தை எட்டாவிட்டாலும், அந்த முயற்சியால் தாம் மேலான மனிதராகவும் அதிக மகிழ்ச்சி உள்ளவராகவும் ஆனதாகச் சொன்னார்.

ஜான்சனிடம் மனோதிடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அகராதியே அதற்குச் சாட்சி. அகராதி வேலைக்கு அவரிடம் முறை இருந்தது. படுக்கையை விட்டு எழுவதற்கு ஆசை மட்டுமே இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

வினைத்திட்பத்தில் வள்ளுவர் இன்னொரு யோசனையும் சொல்கிறார். காரியம் முடிந்த பிறகே அது வெளியில் தெரிய வேண்டும். நடுவில் தெரிந்தால் துன்பம் என்கிறார். உறுதி எடுத்த அன்றே ஊருக்குத் தண்டோரா போடுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். காந்தியடிகளுக்குத் தாயார் இருந்தது போல, அக்கறை உள்ள ஒரு சாட்சி போதும்.

முறை என்ன?

வினைசெயல்வகையில், காரியத்தைத் தொடங்கும் முன் ஐந்து விஷயங்களைச் சந்தேகம் இல்லாமல் யோசித்துக் கொள்ளும்படி வள்ளுவர் சொல்கிறார். கையில் உள்ள பொருள், அதற்கான சாதனம், நேரம், காரியத்தின் தன்மை, இடம் ஆகியவை அந்த ஐந்து.

"நிறையப் படிப்பேன்" என்பதில் இந்த ஐந்தில் ஒன்றுகூட இல்லை. "இரவுச் சாப்பாடு முடிந்ததும், செல்போனை அலமாரியில் வைத்து விட்டு, திண்ணையில் உட்கார்ந்து ஐந்து பக்கம் படிப்பேன்" என்பதில் நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, அளவு இருக்கிறது. ஐந்து பக்கம் அற்பமாகத் தோன்றலாம். வருஷத்தில் 1,825 பக்கம்! அப்படியே, தினம் 20 ரூபாயை உண்டியலில் போட்டால் வருஷ முடிவில் 7,300 ரூபாய். பள்ளி திறக்கும் மாதத்தில் வட்டிக்காரரிடம் போகாமல் இருக்க அது உதவும்.

இக்கால ஆராய்ச்சியும் இதையே சொல்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த பீட்டர் கோல்விட்சர் என்ற மனோதத்துவ நிபுணர் 1997-ல் துணைவரோடு சேர்ந்து ஒரு சோதனையை வெளியிட்டார். கிறிஸ்துமஸ் பண்டிகையை எப்படிக் கழித்தார்கள் என்று பண்டிகைக்குப் பின் இரண்டே நாளில் கட்டுரை எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் சொல்லப்பட்டது. எப்போது, எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவது என்று முன்கூட்டியே தீர்மானித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் எழுதி முடித்தார்கள். வெறுமே "எழுதுவேன்" என்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே முடித்தார்கள்.

ஸ்வீடனில் 1,066 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சி 2020-ல் வெளியாயிற்று. "இதைச் செய்வேன்" என்று உறுதி எடுத்தவர்களில் 100-க்கு 59 பேர், ஒரு வருஷம் கழித்தும் அதில் நிற்பதாகச் சொன்னார்கள். "இதைச் செய்ய மாட்டேன்" என்றவர்களில் 47 பேரே அப்படிச் சொன்னார்கள். விடுவதைவிடப் பிடிப்பது சுலபம். சிகரெட்டை விடுகிறவர் அந்தக் கைக்கும் அந்த நேரத்துக்கும் வேறு வேலை கொடுக்க வேண்டும். காலி இடத்தில் பழைய பழக்கம் மறுபடி வந்து குடியேறி விடும்.

நோன்பு இருந்து பழகிய மக்களுக்கு இது புதிது அல்ல. ஜனவரி முதல் தேதி மார்கழிக்கு நடுவில்தான் வருகிறது. திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில் ஆண்டாள் பாவை நோன்பின் விதிகளைச் சொல்கிறாள். விலக்க வேண்டிய உணவும் அலங்காரமும் அதில் உண்டு. அதிகாலை நீராட்டமும் இல்லாதவருக்கு ஈகையும் சேர்ந்தே உண்டு. அடுத்து வரும் பாசுரங்களில் பெண்கள் வீடு வீடாகப் போய்த் தோழிகளை எழுப்புகிறார்கள். சபரிமலைக்கு மாலை போட்டவருக்கு 41 நாள். கிறிஸ்தவர்களின் தவக்காலம் 40 நாள். முஸ்லிம்களின் ரம்ஜான் நோன்பு ஒரு மாதம். எல்லாவற்றிலும் கால எல்லை உண்டு, கட்டுப்பாடு உண்டு, கூடவே துணையும் உண்டு. "இனி ஆயுள் முழுவதும்" என்று மலைக்காமல், "தை பிறக்கும் வரையில்" என்று தொடங்குகிறவர் அந்த நாளைத் தாண்டியும் போவார்.

குடியை நிறுத்தும் விஷயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. நெடுநாளாக அளவு மீறிக் குடித்துப் பழகிய உடம்பில், திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம். அப்படிப்பட்டவர்கள் சத்தியத்தோடு நிற்காமல் டாக்டரிடம் போக வேண்டும். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போவது அவமானம் அல்ல. எடுத்த உறுதிக்குச் செய்யும் மரியாதை.

முறிந்தால் என்ன செய்வது?

இத்தனைக்கும் பிறகு ஒரு நாள் தவறத்தான் செய்யும். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் வரும். காய்ச்சல் வரும். கோபம் வரும். தவறிய மறுநாள்தான் உண்மையான பரீட்சை. "போயிற்று! இனி அடுத்த வருஷம் பார்த்துக் கொள்ளலாம்" என்று சொல்கிறவர்தான் தோற்கிறார். தவறியதால் அவர் தோற்கவில்லை, விட்டதால் தோற்றார்.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் அவருடைய துணைவர்களும் 96 பேரைக் கவனித்து, 2010-ல் முடிவை அச்சிட்டார்கள். ஒரு புதிய செய்கை யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக மாறுவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆகிறது என்று கண்டார்கள். சிலருக்கு 18 நாளில் படிந்தது. சிலருக்கு 254 நாள் தேவைப்படும் என்று கணக்கு காட்டியது. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் படிவதற்குக் குறிப்பிடத்தக்க கெடுதல் எதுவும் நேரவில்லை. ஜனவரி முதல் தேதி தொடங்கினால் 66-வது நாள் மார்ச் முதல் வாரத்தில் வருகிறது. பொங்கலுக்குள் பழக்கம் படியவில்லையே என்று சலித்துக் கொள்வது, விதைத்த மறுவாரம் அரிவாளோடு வயலுக்குப் போவதற்குச் சமானம்.

வள்ளுவரும் இதை எதிர்பார்த்தவர் போல வினைத்தூய்மையில் ஒன்று சொல்கிறார். பிறகு வருந்தும்படியான செயலைச் செய்யக் கூடாது. ஒரு முறை செய்து விட்டாலும், மறுபடி அப்படிச் செய்யாமல் இருப்பது நல்லது என்கிறார். வழி தவறியவனுக்குக் கதவைச் சாத்தாத அறிவுரை இது.

ஜனவரி முதல் தேதிக்கும் மந்திர சக்தி ஒன்றும் கிடையாது. இங்கிலாந்திலேயே 1752-க்கு முன்பு சட்டப்படி மார்ச் 25-ம் தேதிதான் வருஷம் பிறந்தது. ஆனால் எந்தப் புதுத் தொடக்கமும் மனிதருக்கு ஊக்கம் தருகிறது. வாரத்தின் முதல் நாள், மாதத்தின் முதல் நாள், பிறந்த நாள் ஆகியவற்றுக்குப் பின்னாலும் மக்கள் நல்ல பழக்கங்களில் முனைகிறார்கள் என்று அமெரிக்காவில் 2014-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டியது.

அப்படிப் பார்த்தால் தமிழ்க் குடும்பத்துக்குக் குறை ஏது? ஜனவரியில் தவறியவருக்கு இரண்டே வாரத்தில் போகி வருகிறது. பழையதைக் கழிக்க அதைவிட நல்ல நாள் எது? மறுநாள் தை பிறக்கிறது. ஏப்ரலில் சித்திரை பிறக்கிறது. இவற்றுக்கு நடுவில் எத்தனையோ திங்கட்கிழமைகள்! இவை எதற்கும் காத்திராமல் நாளைக் காலையிலேயே மறுபடி தொடங்குகிறவர் இன்னும் கெட்டிக்காரர்.

புது டைரியின் முதல் பக்கத்தில் பத்து உறுதிகளை எழுத வேண்டாம். ஒன்று போதும். அது சொந்தமானதாக, சிறியதாக, நேரமும் இடமும் குறித்ததாக இருக்கட்டும். அதன் கீழே இன்னொரு வரியையும் சேர்த்து எழுதி வைப்பது நல்லது: "தவறினால் மறுநாளே தொடர வேண்டும்."

வீட்டில் உள்ள குழந்தைகள் எல்லாவற்றையும் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள். தவறே செய்யாத தகப்பனார் உலகத்தில் இல்லை என்பதை அவர்கள் சீக்கிரம் தெரிந்து கொள்வார்கள். தவறி விழுந்த மறுநாள், சொன்ன சொல்லை மறுபடி எடுத்துக் கொண்டு எழுந்து நிற்கிற தகப்பனாரை அவர்கள் மறக்க மாட்டார்கள்.